பிரக்டிஸ் ஆன்டி

எங்கள் கல்லூரிப் பிள்ளைகள் ட்ரை வைக்கும்போது மைதானத்தில் நிற்கிற அத்தனை பேரும் கத்துவோம். அந்த அக்கா மட்டும் கத்தமாட்டார். சத்தம் அடங்கும்வரை காத்திருந்து, பக்கத்தில் இருப்பவரின் கையைத் தட்டிக் கேட்பார்.

"யாரு வச்சா?"

ரக்பி தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அணிக்குப் பதினைந்து பேர். பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடி, எதிரணியின் கோட்டைத் தாண்டித் தரையில் வைப்பதுதான் ட்ரை. அந்த விளையாட்டில் அதைவிடப் பெரிய காரியம் கிடையாது. வெயிலில் காய்ந்து, வேலைக்கு லீவு போட்டு, சனம் வருவதே அதைப் பார்க்கத்தான். கண்ணுக்கு முன்னால் நடக்கிற அந்த ஒன்றை இந்த மனுஷி ஒவ்வொரு தடவையும் எப்படித் தவறவிடுகிறார் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"அக்கா, நீங்க மெச் பார்க்க வர்றீங்களா, புல்லு வளர்றதப் பார்க்க வர்றீங்களா?" என்று ஒருநாள் கேட்டே விட்டேன்.

"பந்தப் பார்க்கத்தான் நீங்க எல்லாம் இருக்கீங்களே தம்பி" என்றார். பிளாஸ்க் மூடியில் இஞ்சித் தேத்தண்ணியை ஊற்றி என் பக்கம் நகர்த்தினார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

அவருக்கு அப்போது அறுபது இருக்கும். ஒல்லியான ஆள். வெளிறிய சேலை, அதற்கு மேல் ஆண்கள் போடுகிற கறுப்பு ஸ்வெட்டர், கழுத்தில் மாதா படம் பதித்த சின்ன மெடல். மைதானத்தின் மேற்கு ஓரத்துப் படிக்கட்டில், கீழேயிருந்து இரண்டாவது படியில், பத்திரிகைத் தாளை விரித்து உட்காருவார். விசில் ஊதியதும் நெற்றியில் சிலுவை போட்டுக்கொள்வார். ஐந்து வருஷம் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். பெயர் கேட்டதில்லை. நானும் "அக்கா" என்பேன், எங்களோடு வருகிற துணிக்கடை முஸ்லிம் அண்ணன், எல்லாருக்கும் நானா, அவரும் "அக்கா" என்பார். விளையாடுகிற பிள்ளைகள் அவருக்கு "பிரக்டிஸ் ஆன்டி" என்று பெயர் வைத்திருந்தார்கள். பிரக்டிஸ் மெச்சுக்கு மட்டும்தான் அவர் வருவார், அதனால் வந்த பெயர்.

கண்டிக்காரர்களுக்கு இது விளங்கும். பாடசாலை ரக்பி சீசன் தொடங்குவதற்கு முன்னால், ஜனவரிக் கடைசியிலிருந்து மார்ச் வரைக்கும், ஒவ்வொரு கல்லூரியும் வெளியூர் அணிகளைக் கூப்பிட்டு ஏழெட்டு ஆட்டம் ஆடிப் பார்க்கும். எந்தப் பதிவிலும் சேராத ஆட்டங்கள் அவை. புள்ளிப் பலகை இருக்காது. இரண்டு பக்கமும் வெளுத்துப்போன பழைய ஜேர்சிகளில் நிற்பார்கள், யார் எந்தப் பக்கம் என்று மட்டுக்கட்டவே பத்து நிமிஷம் போய்விடும். வந்த அணியின் உதவிக் கோச் ஒருவரே விசில் ஊதுவார். மழை இல்லாத மாதங்கள் என்பதால் தரை சீமெந்து மாதிரி இறுகிக் கிடக்கும். சீசன் மெச் என்றால் கதையே வேறு. டிக்கெட், கொடி, பேண்ட் வாத்தியம், கமரா, கோட்டோரத்தில் டாக்டர், கேட்டடியில் அம்புலன்ஸ், எல்லாம் வந்து நிற்கும். பிரக்டிஸ் மெச்சுக்கு வருவது எங்களைப் போல பைத்தியம் பிடித்த ஐம்பது அறுபது பேர்தான்.

நான் தெல்தெனியவில் தபால் கந்தோரில் வேலை செய்கிறேன். அந்த இரண்டு மாதத்தில் எனக்கு வராத காய்ச்சல் இல்லை, எங்கள் குடும்பத்தில் சாகாத பெரியம்மா இல்லை. அப்படி லீவு எடுத்துக்கொண்டு மூன்று மணிக்கு மைதானத்துக்கு வந்து சேர்ந்தால், எனக்கு முன்னாலேயே அக்கா தாளை விரித்து உட்கார்ந்திருப்பார்.

சீசன் தொடங்கிவிட்டால் ஆளைக் கண்ணில் காண முடியாது.

"அதுக்கு டிக்கெட் எடுக்கணுமே" என்று நானா என் காதோடு சொல்வார். "அக்காக்கு ஓசி மெச்சுதான் ருசி."

நான் விழுந்து விழுந்து சிரிப்பேன். நானா அந்தப் பகிடியைச் சொன்னது ஒரு தடவையோ இரண்டு தடவையோதான். அதை ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவன் நான். ஒரு மார்ச்சில் அக்காவிடமே, "சீசனுக்கும் வாங்களேன், டிக்கெட் நான் எடுக்கிறேன்" என்று பெரிய மனுஷன் மாதிரி சொன்னேன். பக்கத்தில் இருந்தவர்கள் சிரிப்பதற்காகத்தான் சொன்னேன், ஒளிப்பதற்கு என்ன இருக்கிறது.

அவருக்குப் பகிடி விளங்காமல் இல்லை. "அங்க எல்லாரும் இருக்காங்க தம்பி. நான் ரேடியோவுல கேட்டுக்குவேன்" என்றார்.

கேட்கத்தான் செய்தார். போன சீசனில் யார் எத்தனை ட்ரை வைத்தான், எந்த மெச்சில் கடைசி நிமிஷத்தில் பந்தைக் கைவிட்டான், எல்லாம் அவருக்கு விரல் நுனியில் இருக்கும். கண்ணால் பார்க்கிற மெச்சில்தான் ஒன்றும் தெரியாது.

இன்னொரு பழக்கம், எண்ணுவது. ஒருவனை மடக்கி விழுத்தினால் அவன்மேல் நாலைந்து பேர் வந்து விழுவார்கள். அந்தக் குவியலுக்குள்ளிருந்து பந்து வெளியே வந்து மைதானத்தின் மறுபக்கம் போய்விடும். எங்கள் தலைகளும் பந்தோடு திரும்பும். அவர் தலை திரும்பாது. குவியல் கலைந்து ஒவ்வொருவனாக எழும்பி ஓடுவதைப் பார்த்தபடி உதட்டுக்குள் எண்ணுவார். "பன்னெண்டு, பதிமூணு, பதினாலு... ம், பதினஞ்சு." அப்புறம்தான் பந்து எங்கே என்று தேடுவார். அதற்குள் அந்தப் பக்கம் ட்ரை விழுந்திருக்கும். வெகுநாள்வரை நான் அவர் ஜெபமாலை சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

பிள்ளைகளின் பெயர் அவருக்கும் தெரியாது. "கொலர் கடிக்கிறவன்", "கோழிக் கால்", "சிரிச்சிக்கிட்டே ஓடுறவன்" என்று அடையாளம் வைத்திருப்பார். ஒரு தடவை எங்கள் பக்கத்து ஸ்க்ரம் இடதுபுறமாகச் சரிந்துகொண்டே இருந்தது. ஸ்க்ரம் என்றால் எட்டுப் பேர் தோளைக் கோத்துக்கொண்டு எதிரணி எட்டுப் பேரைத் தள்ளுவது. இடதுபுறம் நின்ற பையனை நாங்கள் வாய் கூசாமல் ஏசினோம். சோறு தின்னவில்லையா என்றோம், வீட்டுக்குப் போ என்றோம்.

"அவன் போட்டிருக்கிறது அண்ணனோட பூட்ஸு. கால் உள்ளுக்க வழுக்குது. ஏசாதீங்க பாவம்" என்றார் அக்கா.

இடைவேளையில் இறங்கிப் போய், தான் உட்கார்ந்திருந்த பத்திரிகைத் தாளைக் கிழித்து உருட்டி அந்தப் பையனிடம் கொடுத்தார். அவன் பூட்ஸின் முனையில் அடைத்துக்கொண்டான். இரண்டாம் பாதியில் ஸ்க்ரம் சரியவில்லை. வெறும் படியில் உட்கார்ந்திருந்த அக்காவுக்கு நானா தன் கடைப் பையை விரித்துக் கொடுத்தார்.

இவ்வளவு நுட்பம் தெரிந்த மனுஷி சில சமயம் பெரிய கூத்தடித்துவிடுவார். ஒருநாள் கண்டபடி கத்திக்கொண்டு ஆட்டம் நடக்கும்போதே உள்ளே ஓடிவிட்டார். "பதினாலு! பதினாலு!" என்று கையை ஆட்டினார். விசில் ஊதி எல்லாரும் நின்றார்கள். மைதானத்தின் நடுவே ஒருவன் நாலு காலில் கவிழ்ந்து கிடந்தான். கிட்டப் போய்ப் பார்த்தால், அவன் பல்லுக்குப் போடுகிற ரப்பர் உறையைப் புல்லுக்குள் தேடிக்கொண்டிருக்கிறான்! மைதானமே சிரித்தது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அக்கா சேலையை உதறிக்கொண்டு திரும்பி வந்து உட்கார்ந்தார். அவரும் சிரித்தார்.

"நல்லதுதான். பல்லு உறை தொலைஞ்சா வேற வாங்கிக்கலாம்" என்றார்.

ஐந்தாவது வருஷம் என் மகனுக்குப் பதினேழு வயது. இதைச் சொல்ல வேண்டுமானால் என்னைப் பற்றியும் கொஞ்சம் சொல்லவேண்டும். நானும் அதே கல்லூரியில்தான் படித்தேன். மூன்று வருஷம் அந்த மைதானத்தில் முழங்கால் தேய ஓடினேன். ஒவ்வொரு வருஷமும் பிரக்டிஸ் மெச்சில் ஆடுவேன். மார்ச் கடைசியில் அணியின் பெயர்ப்பட்டியலை அறிவித்தல் பலகையில் குத்துவார்கள். மூன்று வருஷமும் அதில் என் பெயர் இல்லை. மகன் பிறந்த அன்றே அவனை நான் அந்தப் பட்டியலில் எழுதிவிட்டேன். அவனிடம் கேட்கவில்லை.

அவன் ஓரத்தில் ஓடுகிறவன். வேகம் உண்டு, கொஞ்சம் பயமும் உண்டு. பயம் வந்தால் ஜேர்சிக் கொலரைக் கடிப்பான். அக்கா சொன்ன "கொலர் கடிக்கிறவன்" அவன்தான். என் மகன் என்று தெரியாமலே இரண்டு வருஷமாக அவனை அப்படிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். நானும் சொல்லவில்லை. கடிக்கிறவனின் அப்பா என்று பெயர் வாங்க எனக்கு வெட்கம்.

கடைசி பிரக்டிஸ் மெச் ஒரு வெள்ளிக்கிழமை. கொழும்பிலிருந்து ஓர் அணி வந்திருந்தது. திங்கட்கிழமை பட்டியல் குத்தப்படும். ஓரத்து இடத்துக்கு என் மகனும் இன்னொரு பையனும் போட்டி. கோச் கோட்டோரத்தில் கதிரை போட்டு உட்கார்ந்து கண் வெட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார். நானும் கோச்சைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இரண்டாம் பாதி தொடங்கிக் கொஞ்ச நேரத்தில், எதிரணியில் மாடு மாதிரி ஒருவன் பந்தோடு வந்தான். என் மகன் குனிந்து அவன் தொடையில் பாய்ந்தான். இருவரும் விழுந்தார்கள். மேலே இன்னும் நாலு பேர். அட, என்ன அழகாக மடக்கினான் தெரியுமா! நான் எழும்பி நின்று விசிலடித்தேன். பந்து எங்கள் பக்கம் வந்துவிட்டது. பிள்ளைகள் தூக்கிக்கொண்டு ஓட, மைதானமே அவர்களோடு திரும்ப, நானும் திரும்பினேன். பந்து கோட்டுக்கு வெளியே போய் ஆட்டம் நின்றது. இரண்டு அணியும் மறுபடி வரிசை கட்டின.

என் மகன் போய் எதிரணி வரிசையில் நின்றான்.

சிரிப்பு கிளம்பியது. "மவன் கொழும்புக்கு மாறிட்டாரு போல" என்றார் நானா. வெளுத்த ஜேர்சி, இரண்டும் ஒரே மாதிரி, யாருக்கும் வருகிற குழப்பம்தான் என்று நான் எனக்குள் சொல்லிக்கொண்டேன். கோச் பார்க்கிறாரே என்ற பதற்றம் வேறு. "டேய், இந்தப் பக்கம்டா!" என்று கத்தினேன். அவனும் அசட்டுச் சிரிப்போடு இந்தப் பக்கம் வரத் தொடங்கினான்.

அவன் வந்து சேருமுன்பே என் பக்கத்தில் அக்காவின் குரல் கேட்டது. "பதினாலு. அந்தப் பக்கம் பதினாறு."

அவர் எழும்பிய வேகத்தில் பிளாஸ்க் சரிந்து தேத்தண்ணி படியெல்லாம் ஓடியது. செருப்பைக்கூடப் போடவில்லை. நேரே மைதானத்துக்குள் இறங்கி, வரிசையை விலக்கிக்கொண்டு போய், என் மகனின் தாடையை இரண்டு கையாலும் பிடித்தார். விசில் ஊதினார்கள். கோச் கதிரையைத் தள்ளிவிட்டு எழும்பினார். நான் ஓடினேன்.

"இன்னைக்கி என்னா கெழம?" என்று அவனிடம் கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஞாயிறு" என்றான்.

"பகிடி பண்ணுறான்" என்றேன் நான். "அவன் நல்லாத்தான் இருக்கான். விடுங்க, விளையாடட்டும்."

"ஒண்ணும் இல்லப்பா" என்று அவனும் சொன்னான். அவனுக்கும் திங்கட்கிழமைதான் பெரிது. அதை அவனுக்குள் வைத்தவன் நான்தானே.

அக்கா அவனை விடவில்லை. இவனை வெளியே எடுங்கள் என்று கோச்சிடம் சிங்களத்தில் கெஞ்சிக்கொண்டே அவன் கையைப் பிடித்து இழுத்தார். அந்தப் போட்டிப் பையன் வெளியே துள்ளித் துள்ளி உடம்பைச் சூடாக்கிக்கொண்டிருப்பதைப் பார்த்தேன். எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது.

"ஓசி மெச் பார்க்க வர்றவங்களுக்கு கிரவுண்டுக்குள்ள என்னா வேல?" என்று அவ்வளவு பேருக்கு முன்னால் கத்தினேன். "இது ஒங்க பிள்ளையா? ஒங்களுக்கு என்னா வலிக்குது?"

அவர் முகம் ஒரு கணம் சுருங்கியது. கையை மட்டும் விடவில்லை.

"என்னைய அப்பொறம் ஏசிக்குங்க தம்பி. பிள்ளைய இப்ப கூட்டிட்டுப் போங்க."

ஆட்டம் தாமதமாகிறது என்று கோச் எரிச்சலோடு அவனை வெளியே எடுத்தார். அந்தப் பையன் உள்ளே போனான். நான் மகனைப் படியில் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தேன். ஆஸ்பத்திரிக்குப் போகிற எண்ணமே எனக்கு இல்லை. கொஞ்சம் ஆறியதும் கோச்சிடம் பேசித் திரும்பவும் உள்ளே அனுப்பலாம் என்று இருந்தேன். இதை எழுதும்போது கை கூசுகிறது, ஆனாலும் உண்மை அதுதான். அக்கா கொஞ்சம் தள்ளி நின்று யாருடனோ போனில் பேசினார். பிறகு கேட்டடிக்குப் போய், அங்கே நின்ற திரீவீலரை உள்ளே கூட்டிக்கொண்டு வந்தார். என் பக்கம் வர அவருக்குப் பயம். தள்ளி நின்றே, "போங்க தம்பி, போங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

மகன் என் காலடியில் வாந்தி எடுத்தான். அதன் பிறகுதான் எனக்கு உறைத்தது. அவனைத் தூக்கித் திரீவீலரில் போட்டேன். அக்கா தன் ஸ்வெட்டரைக் கழற்றிச் சுருட்டி அவன் தலைக்கு அடியில் வைத்தார். நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. வண்டி கிளம்பிவிட்டது.

ஆஸ்பத்திரி வாசலில் ஓர் அட்டெண்டன் பிள்ளை தள்ளுவண்டியோடு நின்றது. நான் இறங்கவே இல்லை, அது ஓடி வந்து மகனின் கொலரைப் பார்த்தது.

"கொலர கடிக்கிற பிள்ளதானே? பேர் தெரியாது, கொலரப் பாருன்னு அக்கா போன்ல சொன்னாங்க. மேல சொல்லியாச்சு, வாங்க."

மண்டைக்குள்ளே இரத்தம் கசிந்துகொண்டிருந்தது. அன்று மாலையே திறந்து எடுத்தார்கள். இன்னும் ஒரு மணித்தியாலம் மைதானத்தில் வைத்திருந்தால் என்று ஆரம்பித்த டாக்டர் அந்த வாக்கியத்தை முடிக்கவில்லை. வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த எனக்கு அந்த அட்டெண்டன் பிள்ளைதான் தேத்தண்ணி கொண்டு வந்து கொடுத்தது. அக்காவைப் பற்றி அதுதான் சொன்னது.

அக்கா அந்த ஆஸ்பத்திரி வாட்டில் இருபத்தாறு வருஷம் அட்டெண்டனாக இருந்திருக்கிறார். தலையில் அடிபட்டு வருகிறவர்களைக் கழுவுவது, புரட்டுவது, ஊட்டுவது எல்லாம் அவர் வேலை. புசல்லாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து பத்தொன்பது வயதில் டவுனுக்கு வந்தவர். எங்கள் மைதானத்துக்குக் கீழே இருக்கிற கன்னியாஸ்திரிகள் விடுதியில் துணி துவைத்துக்கொண்டிருந்த காலத்தில், மேலே விசில் சத்தம் கேட்டுக் கேட்டே ரக்பிப் பைத்தியம் பிடித்ததாம். பென்ஷன் எடுத்த பிறகும் டவுனில்தான் இருந்தாராம்.

"சீசன் மெச்சுல அடிபட்டா உடனே கொண்டாந்துருவாங்க, அங்க டாக்டர் நிக்கிறாரு. பிரக்டிஸ்ல அடிபட்ட பிள்ளதான் ஒண்ணுமில்லன்னு வீட்டுக்குப் போயி தூங்கும், விடிஞ்சாதான் கொண்டாருவாங்கன்னு அக்கா சொல்லுவாங்க. அப்பிடி வந்த ஒரு பிள்ளைய அவங்க கையாலதான் தொடச்சி அனுப்புனாங்க. அதுக்குப் பொறகுதான் ஒங்க கிரவுண்டுக்குப் போக ஆரம்பிச்சாங்க."

ஓசி மெச். நான்தான் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தவன். அந்தத் தேத்தண்ணியை என்னால் குடிக்க முடியவில்லை. ஒரு நல்ல மனுஷியை நான் ஊருக்கு முன்னால் வைத்து நாறடித்திருந்தேன்.

மகன் ஒன்பது நாள் வாட்டில் கிடந்தான். பிழைத்துக்கொண்டான். இப்போது படிக்கிறான், சிரிக்கிறான், என்னோடு சண்டை பிடிக்கிறான். வாசனை மட்டும் தெரியாது. தேத்தண்ணி ஊற்றினால் இஞ்சி போட்டாயிற்றா என்று என்னிடம் கேட்டுத்தான் தெரிந்துகொள்வான்.

அட்டெண்டன் பிள்ளையிடம் அக்காவின் நம்பரை வாங்கினேன். பெயர் கேட்கவில்லை, அப்போதும் கேட்கவில்லை. போனில் "பிரக்டிஸ் அக்கா" என்று பதிந்து வைத்தேன். பதிந்தேனே தவிர, அழைக்கவில்லை. இது போனில் சொல்கிற சங்கதியா? காலைத் தொட்டுச் சொல்ல வேண்டியது. மெச் பார்க்கிறவர்களுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. மைதானத்து ஆட்களை மைதானத்தில்தான் பார்ப்போம். வருஷத்தில் இரண்டு மாதம் தோளோடு தோள் உரச இருப்போம், மற்றப் பத்து மாதமும் ஒருவர் வீடு ஒருவருக்குத் தெரியாது. ஜனவரி வந்தால் எல்லாரும் தத்தம் படிக்கு வந்துவிடுவோம் என்பதில் எங்களுக்குச் சந்தேகமே வருவதில்லை. அக்காவும் வருவார், இரண்டாவது படியில் தாள் விரிப்பார், அங்கே எல்லாருக்கும் முன்னால் சொல்லிவிடலாம். எல்லாருக்கும் முன்னால் ஏசியவன் எல்லாருக்கும் முன்னால்தானே மன்னிப்புக் கேட்கவேண்டும். இப்படி ஒரு நியாயம் வைத்திருந்தேன். ஸ்வெட்டரைத் துவைத்து, இஸ்திரி போட்டு, அலுமாரியில் எடுத்து வைத்தேன்.

ஜனவரிக் கடைசியில் முதல் பிரக்டிஸ் மெச். ஸ்வெட்டரைப் பையில் போட்டுக்கொண்டு இரண்டு மணிக்கே போய்விட்டேன். படி காலியாக இருந்தது. மூன்று மணிக்கு விசில் ஊதினார்கள். நானா வந்தார், சுற்றும் முற்றும் பார்த்தார். இடைவேளையில் நான் அந்த நம்பருக்கு எடுத்தேன். வேறொரு பெண் பேசினார்.

"அவங்க போயிட்டாங்களே. நவம்பர்லயே போயிட்டாங்க. நீங்க யாரு பேசுறது?"

நான் யார் என்று சொல்லாமல், வீட்டுக்கு வழி மட்டும் கேட்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை புசல்லாவைக்கு பஸ் ஏறினேன். ரோட்டிலிருந்து தேயிலைக்குள் அரை மணி நடை. அக்காவின் தம்பி குடும்பம் அங்கே லயத்தில், தோட்டத்து வீட்டு வரிசையில், இருந்தது. முன்னறையில் மாதா படத்துக்குப் பக்கத்தில் அவர் படம், மாலை, ஒரு மெழுகுவர்த்தி. படத்துக்குக் கீழே பெயர் எழுதியிருந்தது. அன்றுதான் எனக்கு அவர் பெயர் தெரிந்தது. அதை இங்கே எழுதமாட்டேன். கேட்க வேண்டிய காலத்தில் கேட்காதவன் நான்.

தம்பி மனைவியிடம் ஸ்வெட்டரைக் கொடுத்தேன். அவர் அதை விரித்துப் பார்த்தார்.

"ஐயோ, இது எங்க வீட்டுக்காரரோடது. எங்கன்னு கேட்டதுக்கு, ஒரு பிள்ளைக்குத் தலகாணியா குடுத்துட்டேன்னு சொன்னாங்க. அந்தப் பிள்ளையோட அப்பாவா நீங்க? வாங்க, உக்காருங்க. பிள்ள நல்லா இருக்கானா?"

"இருக்கான். அக்கா அன்னைக்கி என்னையப் பத்தி ஏதும்..."

"ஏசுனீங்கன்னு சொன்னாங்க" என்றார் அவர், சாதாரணமாக. "பெத்தவரு, பதறித்தானே பேசுவாருன்னாங்க. ஒங்க கோவம் ஆறலன்னு நெனச்சிக்கிட்டு, நீங்க வீட்டுக்குப் போன பொறகுதான் வாட்டுக்குப் போவாங்களாம். வாசல்ல நின்னு பார்த்துட்டு வந்துருவாங்களாம். ஒம்பது நாளும் போனாங்க."

நான் அந்தப் படத்துக்கு முன்னால் உட்கார்ந்து அழுதேன். அந்த ஒன்பது நாளும் இரவு எட்டு மணிவரை அதே பெஞ்சில் இருந்தவன் நான். நான் எழும்பிப் போகும்வரை எங்கேயோ ஒரு மூலையில் அவர் காத்துக்கொண்டு நின்றிருக்கிறார். நான் மட்டும் ஜனவரி வரட்டும் என்று இருந்துவிட்டேன்.

இந்தப் பெப்ரவரியிலும் போகிறேன். மகன் விளையாடுவதில்லை. ஏன் இன்னும் போகிறீர்கள் என்று வீட்டில் கேட்கிறார்கள். கீழேயிருந்து இரண்டாவது படியில் உட்காருகிறேன், நானா பக்கத்தில். சீசன் மெச்சை ரேடியோவில் கேட்டுக்கொள்கிறேன்.

போன வாரம் வந்த அணியில் ஒருவன் எழும்பவில்லை. குவியல் கலைந்தது, பந்து போனது, நான் பதினாலுதான் எண்ணினேன். மறுபடி எண்ணினேன். பதினாலு. என் கால் தானாக இறங்கிவிட்டது. "நிப்பாட்டுங்க" என்று கத்திக்கொண்டு உள்ளே ஓடினேன். விசில் ஊதினார்கள். அந்தப் பையனின் அப்பா மறுபக்கத்திலிருந்து வந்து என் மார்பில் கைவைத்துத் தள்ளினார். நீ யார், உனக்கு இங்கே என்ன வேலை என்று சிங்களத்தில் கத்தினார். நானும் சிங்களத்தில்தான் சொன்னேன், என்னைப் பிறகு ஏசுங்கள், பிள்ளையைப் பாருங்கள் என்று.

பையன் பூட்ஸ் நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தான்.

மைதானம் சிரித்தது. அந்த அப்பாவும் சிரித்துவிட்டார், என் தோளில் தட்டினார். நான் திரும்பி வந்து உட்கார்ந்தேன். நானா சிரிக்கவில்லை. பிளாஸ்க்கைத் திறந்து மூடியில் ஊற்றி என்னிடம் நீட்டினார். ஆட்டம் மறுபடி தொடங்கியது. உடனேயே இன்னொரு குவியல் விழுந்தது. பன்னிரண்டு, பதின்மூன்று, பதினாலு. கடைசி ஆள் முழங்காலை ஊன்றி, தலையை உதறி, எழும்பி, சரியான பக்கத்துக்கு ஓடினான். பதினைந்து. அதற்குள் மறுபக்கத்தில் மைதானமே எழும்பி நின்று கத்திக்கொண்டிருந்தது.

நான் நானாவின் கையைத் தட்டினேன்.

"யாரு வச்சா?"

நானா என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, அக்காவுக்குச் சொல்வதுபோலவே, யார் வைத்தான் என்று மெதுவாகச் சொன்னார்.